இரண்டு வாட்

பள்ளிப்பட்டு துணைமின் நிலையத்தில்
என் கைக்குக் கீழே பதினோராயிரம் வோல்ட்.
வீட்டுக்கு வந்தால் இரண்டு வாட்.
அதுவும் சுளையாக இரண்டு கிடையாது,
ஒன்று எழுபது, ஒன்று எண்பது.

"எங்க வீட்டுக் கொசு பேட்டே இதுக்கு மேல இழுக்கும்"
என்கிறான் டில்லிபாபு.
எட்டுத் தறிக்காரன், சொல்லலாம்.
காலை ஆறுக்கு அவன் சுவிட்ச் போட்டால்
எங்கள் நடுச்சுவரே லுங்கி நெய்யும்.

முதலில் சென்னையிலிருந்து ஒரு ஜோடி ஸ்பீக்கர்.
இடுப்புயரம், பளபளப்பு.
தாளில் எண்பத்துநாலு டெசிபல் என்று இருந்தது.
படித்தேன். படித்துவிட்டும் வாங்கினேன்.
நாயனக்காரர் அடுத்த தெருவில் வாசித்தார்,
அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு.
குமிழைத் திருப்பத் திருப்ப
ஒலி வளரவில்லை, கிழிந்தது.
கரும்பு லாரிக்குக் கன்றுக்குட்டியைப் பூட்டியிருந்தேன்.

பெரிய ஆம்ப் வாங்கு என்றார்கள்.
கன்றை விற்க மனம் வரவில்லை.
வண்டியை மாற்றினேன்.

நகரியில், ஷாமியானா வாடகைக்கு விடும் முனிகிருஷ்ணா
மாடியில் போட்டு வைத்திருந்தான்:
பன்னிரண்டு அங்குலம், அப்பளம்போல் காகிதக் கூம்பு,
முதுகில் அம்மிக்கல் கனத்துக்குக் காந்தம்.
ஒரு வாட் கொடுத்தால் தொண்ணூற்றெட்டு.
ஊருக்குக் கேட்கிற சாமான் வீட்டுக்கு எதற்கு என்று
பாதித் தெலுங்கில் கேட்டான்.
பதினான்கு டெசிபல் கூடினால்
இருபத்தைந்து மடங்கு ஆம்ப் வாங்கினதுக்குச் சமம் என்று
பாதித் தமிழில் சொன்னேன்.
நல்லவேளை, விலை சொல்லும்போது அதை மறந்திருந்தான்.

பதினாறு ஓம் அது.
ஆம்பின் முதுகில் நான்குக்கும் எட்டுக்கும்தான் முனை.
அடிமூடியைக் கழற்றினால்
டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மூன்றாவது வயர்,
நறுக்காமல், சுருட்டி, டேப் ஒட்டி;
வருவதாய்ச் சொன்ன யாருக்கோ
இலை போட்டு வைத்ததுபோல.

கேட்டுப் பார்க்க ஒரு நாள் வேண்டுமே.
கரண்ட் போனால் தறி நிற்கும்,
என் வால்வும் கண்ணை மூடும்.
(அந்தக் கரண்டை நிறுத்துகிறவனும் பல நாள் நானே.)
கடைசியில் அமாவாசை வந்தது.
தறிக்கு விடுமுறை, கம்பிக்கு இல்லை.
நகரி மூக்குமலை இருட்டில் மூக்கைத் தொலைத்துக் கிடந்தது.

தட்டு சுழன்றது.
நாயனக்காரர் மூச்சிழுப்பது கேட்டது.
தாளக்காரரின் மோதிரம் ஒருமுறை தாளத்தில் இடித்தது.
ஒன்று எழுபதில் பாதிகூடச் செலவாகவில்லை.

கூடவே, ம்ம்ம்ம் என்று ஒரு முனகல்.
எண்பத்துநாலு மூடி வைத்ததைத்
தொண்ணூற்றெட்டு காட்டிக்கொடுத்துவிட்டது.
இழை சூடாகிற ஏசியின் இரைச்சல்.
ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.
நூறு ஓம் திருகு. இடது கொஞ்சம்.
வலது மயிரிழை.

தேசம்மா வந்து நின்றாள்.
பன்னிரண்டு வயதில் தறிக்குப் போனவள்.
காதின் மேல்பாதியை அங்கேயே விட்டு வந்தவள்.
குக்கர் விசிலை
ஆவியைப் பார்த்துத்தான் எண்ணுவாள்.
நாயனம் உச்சிக்கு ஏறும்போதெல்லாம்
அவளுக்கு அங்கே இழை அறுந்த துணி.
பெட்டியின் விலாவில் உள்ளங்கையை வைத்தாள்.

"அடியில ஒண்ணு விடாம இழுக்குதே, யாரு அது?"
"யாருமில்ல. கோளாறு."
"நல்லாத்தான் இருக்கு. ஒத்து மாதிரி."

இன்னொரு மயிரிழையில் அது செத்திருக்கும்.
ஓம் பார்த்தேன், வாட் பார்த்தேன், டெசிபல் பார்த்தேன்.
யார் காது என்று பார்க்கவில்லை.
திருகை வந்த வழியே
கொஞ்சம் திருப்பினேன்.

நாயனத்தோடு சுருதி சேரவில்லைதான்.
ஐம்பது ஹெர்ட்ஸ்.
நகரிக்கும் அதுதான், பள்ளிப்பட்டுக்கும் அதுதான்.

தட்டு முடிந்து முள் தூக்கியாயிற்று.
அவள் கையை எடுக்கவில்லை.
விடிந்தால் டில்லிபாபு சுவிட்ச் போடுவான்.